சார்ஜரைக் கழற்றச் சொன்னீர்கள், ஏசி கேஸை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமி சூடாவதைக் குறைக்க வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். போன் சார்ஜரை பிளக்கிலிருந்து கழற்றுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள், இறைச்சியைக் குறையுங்கள், பக்கத்துத் தெருவுக்கு நடந்து போங்கள், ஏசியை அளவாகப் போடுங்கள். எல்லாம் நல்ல பேச்சுதான். ஆனால் மாட்டிறைச்சிக்கு மட்டும் ஒரு எண் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டீர்கள். மளிகைச் சீட்டில் அரிசி ஒரு மூட்டை, ஏலக்காய் பத்து கிராம் என்று எழுதுவோம். எடையை அழித்துவிட்டு அரிசி, ஏலக்காய் என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் என்ன கட்டுவார்?

நான் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். தண்டையார்பேட்டையில் வீடு, பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு கடை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், வியாசர்பாடி என்று சுற்றி வேலை பார்க்கிறேன். என் மகள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எடை போட்டுப் பார்த்தோம். வந்த கணக்கைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கரன்ட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் வெளியிடும் கணக்கு ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. இப்போது சார்ஜருக்கு வருவோம். போன் மாட்டாமல் சும்மா பிளக்கில் தொங்கும் இந்தக் காலத்து சார்ஜர் 0.2 வாட் அளவுக்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க, இரவு பகலாக அப்படியே விட்டாலும் இரண்டு யூனிட் தேறாது. அதாவது ஆண்டுக்கு ஒன்றேகால் கிலோ கரியமில வாயு.

ஒன்றரை டன் ஏசி ஒன்று இரவு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் எட்டு யூனிட். பழைய மாடல் என்றால் இன்னும் கூடும், நல்ல இன்வெர்ட்டர் ஏசி என்றால் குறையும். எட்டு என்றே வைப்போம். ஐந்தரைக் கிலோ. ஒரே ஒரு இரவு ஏசி போட்டது, சார்ஜரை நான்கு வருடத்துக்கும் மேல் கழற்றாமல் விட்டதற்குச் சமம். சார்ஜரைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. கழற்றுங்கள், குழந்தைகள் வாயில் வைக்காமலாவது இருக்கும்.

இதுவரை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த சங்கதி. உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாதது அடுத்தது: ஏசிக்குள் இருக்கும் கேஸ்.

ஏசி குளிர்வது கரன்டால் மட்டும் இல்லை. உள்ளே செப்புக் குழாயில் ஒரு கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் சூட்டை உள்ளே வாங்கி, வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் கொண்டுபோய் விடுவது அதுதான். வீட்டு ஏசியில் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். பழைய ஏசிகளில் ஆர்-22 என்ற கேஸ். அப்புறம் ஆர்-410ஏ வந்தது. இப்போது புதிதாக வாங்கும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. கேஸ் குழாய்க்குள் இருக்கும்வரை யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வெளியே போனால்தான் வினை. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், அடுத்த நூறு வருடத்தில் அது பூமியைச் சூடாக்குவது சுமார் 1,800 கிலோ கரியமில வாயு சூடாக்குவதற்குச் சமம். ஆர்-410ஏ அதையும் தாண்டும், 2,000 கிலோவுக்கு மேல். ஆர்-32 பரவாயில்லை, 675 கிலோ. ஆர்-22க்கு இன்னொரு குற்றமும் உண்டு, ஓசோன் படலத்தையும் அரிக்கும். அதனால்தான் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கேஸ் இருக்கும் ஏசிகள் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான்தான் சர்வீஸ் பண்ணுகிறேன், எனக்குத் தெரியும்.

1,800 கிலோ என்றால் எவ்வளவு? இந்தியாவில் ஒரு ஆளின் பங்குக்கு ஒரு வருடம் முழுக்க வரும் கரியமில வாயுவே சுமார் 2 டன்தான். ஸ்கூட்டர் பெட்ரோலில் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, ஆக 780 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில் 35,000 கிலோமீட்டர் ஓட்டலாம். அதே ஏசி இழுக்கும் கரன்டில் பார்த்தால் முந்நூறு இரவுக்கும் மேல். சார்ஜர் கணக்குக்குக் கொண்டுபோனால் ஆயிரத்து ஐந்நூறு வருடம் வருகிறது. அதைப் பார்த்து என் மகள் சிரித்துவிட்டாள். இவ்வளவும், குழாயை ஏசியோடு இணைக்கும் ஒரு ஃபிளேர் நட்டைத் தளர்த்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் புஸ்ஸென்று போய்விடும். நிறம் கிடையாது, புகை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார்.

இது எப்படி வெளியே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எங்கள் ஆட்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. மூன்று வழி இருக்கிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முதல் வழி நன்றாகத் தெரியும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரித்துவிடுகிறது. ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். ஏப்ரல் மாதம் ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது என்று போன் வரும். லீக்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவி ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்து, ஓட்டையை அடைத்து, வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அதன் பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். அரை நாள் வேலை. வாடிக்கையாளருக்கு அன்றைக்கு ராத்திரியே தூங்க வேண்டும், செலவும் குறைய வேண்டும். “இப்போதைக்கு கேஸ் மட்டும் அடிச்சி விடுங்கண்ணா, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்” என்பார். அடுத்த வருடமும் அதே பேச்சு வரும். இப்படி ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் ஏற்றுகிற வீட்டுக்காரர் சார்ஜரைக் கழற்றினால் என்ன, கழற்றாவிட்டால் என்ன?

இரண்டாவது, வீடு மாற்றும்போது. சுவரிலிருந்து ஏசியைக் கழற்ற வேண்டும். சரியான முறைக்குப் பெயர் பம்ப் டவுன். ஏசியை ஓடவிட்டு, அவுட்டோரில் இருக்கும் சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீ போட்டு மூட வேண்டும். கம்ப்ரஸர் உள்ளே இருக்கும் கேஸை எல்லாம் இழுத்து அவுட்டோருக்குள் சேர்த்துக்கொள்ளும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் கீழே இறங்கியதும் பெரிய குழாயின் வால்வையும் மூடி உடனே ஏசியை நிறுத்தினால் வேலை முடிந்தது. கேஸ் பத்திரமாக உள்ளே இருக்கும், புது வீட்டில் அதே கேஸில் ஓட்டலாம். தனிச் செலவு ஒன்றும் கிடையாது. ஆனால் லாரிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, கழற்ற வந்த பையன் அவசரத்துக்கு நட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறான். புது வீட்டில் மறுபடி கேஸுக்குக் காசு கொடுப்பது யார்? அதே வீட்டுக்காரர்தான். பூமியை விடுங்கள், பணத்துக்காகவாவது கேட்க வேண்டாமா?

மூன்றாவது காயலாங்கடை. பழைய ஏசி, ஃபிரிட்ஜ் அங்கே போனதும் முதலில் செப்புக் குழாயைத்தான் வெட்டுவார்கள், செப்பு விலை அப்படி. வெட்டிய நொடியில் கேஸ் போயிற்று. இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே ஆர்-12 இருக்கலாம். அது இன்னும் மோசம், ஒரு கிலோவுக்கு 10,000 கிலோ கரியமில வாயு என்ற கணக்கு. சின்ன ஃபிரிட்ஜில் நூறு கிராம்தான் இருக்கும், ஆனால் அந்த நூறு கிராமே ஒரு டன். குழாய் வெட்டுகிற தம்பிக்கு இதைப் பற்றி யார் சொன்னார்கள்? அவருக்கு அன்றைய கூலி முக்கியம். ஏசியும் ஃபிரிட்ஜும் மின்கழிவு விதிகளுக்குள் வருகின்றன, 2022ஆம் வருட விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கடைவரைக்கும் அவை இன்னும் நடந்து வரவில்லை.

எங்கள் தொழில்காரர்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். கேஸை வெளியே விடாமல் பிடித்து வைக்க ரெகவரி மெஷின், தனி சிலிண்டர் எல்லாம் வேண்டும். ஒரு ஆளாக வண்டியில் டூல்ஸ் மாட்டிக்கொண்டு போகிற மெக்கானிக்குக் கட்டுப்படியாகாது. கடன் வாங்கி வாங்கினாலும், பிடித்த கேஸை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? வடசென்னையில் எனக்கு அப்படி ஒரு இடத்தை இதுவரை யாரும் காட்டியதில்லை. மத்திய அரசு 2019ல் குளிரூட்டல் செயல்திட்டம் என்று ஒன்று வெளியிட்டது. ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று அதில் இருக்கிறது. பயிற்சி நல்லதுதான், நானும் ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் இந்த எண்களை முதலில் கேட்டேன். ஆனால் வகுப்பு முடிந்து திரும்பி வந்தால் கையில் அதே ஸ்பானர்தான். வாரத்தில் ஒரு நாள், ஒரு மண்டலத்துக்கு ஒரு இடம், பிடித்த கேஸுக்கு ஏதோ ஒரு விலை என்று வைத்தால் போதும். காலி பாட்டிலுக்கே காசு கொடுக்கிறார்கள், இதற்குக் கொடுக்கக் கூடாதா?

ஏசியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது என்பது ஒரு பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாத ராத்திரியில் கைக்குழந்தையோடு படுத்துப் பார்த்தவர்கள் ஏசியைச் சொகுசு என்று சொல்ல மாட்டார்கள். 24 டிகிரியில் வையுங்கள், ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள், லீக் இருந்தால் லீக்கைச் சரி செய்யச் சொல்லுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் கரன்ட் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது.

கரன்ட் பற்றி வடசென்னைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். கரியமில வாயு எங்கே வெளியானாலும் உலகத்துக்கே பொது. நிலக்கரி எரித்து வரும் சாம்பல் அப்படி இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்து 2017ல் நின்றது. அது நின்றாலும் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், பக்கத்தில் வல்லூரும் ஓடுகின்றன. நிலக்கரியில் எடுக்கும் கரன்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிக்க வேண்டும், நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். அந்த எட்டு யூனிட் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்தால், ஒரு இரவு ஏசிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ சாம்பல். அந்த ஏசி அண்ணா நகரில் ஓடினாலும் அடையாறில் ஓடினாலும் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டும் குளம் இருப்பது எண்ணூர் பக்கம் செப்பாக்கத்தில். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிறவர்கள் பலர் வீட்டில் ஏசியே கிடையாது. உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

இந்த நிலக்கரியால்தான் இன்னொரு கணக்கும் தலைகீழாகிறது. கரன்ட் அடுப்புக்கு மாறுங்கள் என்று போட்டிருந்தீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்தால் 120 யூனிட் அளவுக்கு ஆகும், அதாவது 80 கிலோவுக்கு மேல். இன்றைய நிலைமைக்கு கேஸ் அடுப்பே பாதிதான். நிலக்கரி குறைந்து, காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இது மாறிவிடும். முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் எடுக்கிற கரன்டைப் பார்த்தால் அந்த நாள் வரும் என்றுதான் தோன்றுகிறது. அதுவரை இண்டக்‌ஷன் வாங்கிய என் மருமகளைப் பாராட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கேஸ் தீர்ந்த அன்றைக்கு உதவுகிறது, அதனால் பாராட்டிவிட்டேன்.

துணிப்பை விஷயம். பிரிட்டனில் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் கார்பன் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். அதற்காக பிளாஸ்டிக் பைக்குத் திரும்பச் சொல்லவில்லை. மஞ்சப்பையைக் கையில் எடுத்ததற்குக் காரணம் கார்பன் இல்லை. பக்கிங்காம் கால்வாயையும் கேப்டன் காட்டன் கால்வாயையும் மழை நாளில் வந்து பாருங்கள், காரணம் மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கெடுதலையும் அதனதன் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். விழாவுக்கு விழா துணிப்பை கொடுத்து வீடு நிறைய அடுக்கி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை, ஒரே பை கிழியும்வரை போக வேண்டும்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரில் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 150 கிராம், ஸ்கூட்டரில் 50, ஐம்பது பேர் ஏறிய டீசல் பஸ்ஸில் ஆளுக்கு 13 கிராம். வடசென்னையில் ஆட்கள் நெருக்கி நின்றுகொண்டு போகிற பஸ்களைப் பார்த்தால் அதுவும் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். விமானத்தில் டில்லிக்கு ஒரு தடவை போனால் ஒரு ஆளுக்குச் சுமார் 150 கிலோ, போக மட்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, பஸ் வந்தால் போதும்.

ஆனால் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில், ஒரு கிலோ கறிக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்று சிவப்பு எழுத்தில் பெரிய எண் ஒன்று போட்டிருந்தீர்கள். 2018ல் சயின்ஸ் இதழில் பூர், நெமெசெக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட எண் இருக்கிறது, பல நாட்டுப் பண்ணைகளின் சராசரி. அதே ஆய்வில், கறிக்காகவே வளர்க்கும் மந்தைக்கும் பால் மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்கும் தனித்தனி எண் இருக்கிறது. இரண்டாவது, முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். நம் ஊரில் கறிக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றிய எருமையும் வேலை ஓய்ந்த மாடும். புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு தட்டு பீஃப் வாங்கிச் சாப்பிடுகிறவர் தலையில் வெளிநாட்டுப் பண்ணையின் எண்ணைக் கட்டுவது நியாயமா? கறி கரியமில வாயு இல்லாத பண்டம் என்று நான் வாதாடவில்லை. எந்த மாட்டின் எண் என்று பார்த்துப் போடுங்கள்.

அரிசிக்குக்கூட ஒரு எண் இருக்கிறது, கிலோவுக்கு மூன்று நான்கு கிலோ வருகிறது. தண்ணீர் தேங்கிய வயலில் மீத்தேன் உண்டாவதுதான் காரணம். அதற்காகச் சோற்றை நிறுத்த முடியுமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் மீத்தேன் நன்றாகக் குறைகிறது, விளைச்சலும் போவதில்லை. அது வயலில் செய்கிற வேலை, தட்டில் செய்கிற வேலை இல்லை. தட்டில் செய்ய முடிந்தது மீதம் வைக்காமல் இருப்பது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய் விழும் சோறும் குழம்பும் காற்றுப் புகாமல் அழுகி அதே மீத்தேனைத்தான் விடுகின்றன.

எல்லாவற்றுக்கும் மெக்கானிக் புத்தி ஒன்றுதான், லீக் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்க வேண்டும். அதனால் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிலோ போடுங்கள். அப்புறம், பிடித்த கேஸைச் சின்ன மெக்கானிக்குகள் கொண்டுபோய்க் கொடுக்க சென்னையில் எங்கே வசதி செய்யப் போகிறார்கள் என்று உங்கள் நிருபர் யாராவது அதிகாரிகளிடம் கேட்டு எழுத வேண்டும். நாங்கள் கேட்டால் “சரி, மனு கொடுத்துட்டுப் போங்க” என்பார்கள்.

நிருபர் என் கடைக்கும் வரலாம். பம்ப் டவுன் செய்து காட்டுகிறேன், ஐந்து நிமிட வேலைதான், படம் எடுத்துப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வர வேண்டாம். அப்போது டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓர் ஏசி மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை.